ஐந்து பக்கத்துக்கு மேல் அச்சிடக் கூடாது

சட்டக் கல்லூரி நூலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் வாழ்த்து, கூடவே என் அனுதாபம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் நூலகராகக் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்று, பல்வலியும் நானுமாக வீட்டில் நிம்மதியாக இருந்தேன். என்னைப் பிடித்து, 'இணையத்தில் தீர்ப்புகளைத் தேடுவது எப்படி என்று நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் மேடம்' என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத மாட்டேன். எந்தப் பெட்டியில் எந்தச் சொல்லைத் தட்டுவது, எந்த வருஷத்தை எங்கே குறிப்பது என்பதையெல்லாம் தீர்ப்புத் தளம் நடத்தும் கம்பெனிக்காரர்களே வந்து திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். மத்தியானம் சாப்பாடும் போடுவார்கள். அங்கே போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது தேடியது கிடைத்த பிறகு வரும் ஆபத்தைப் பற்றி. தேடிக் கிடைக்காதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. 'கிடைச்சிருச்சு மேம்!' என்று துள்ளிக்கொண்டு வருகிறார்களே, அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு இன்றைக்கும் பயம். ஒரு முறை அப்படித் துள்ளி வந்த பிள்ளையை நான் மெச்சி அனுப்பி, அதற்கான தண்டனையை ஒரு விவசாயி அனுபவித்தார். அந்தக் கதையை முழுசாகப் படியுங்கள். முழுசாகப் படியுங்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது, இந்த ஒரு தடவையாவது கேளுங்கள்.

எங்கள் கல்லூரி கட்டிய சந்தாவுக்கு ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் அந்தத் தளத்துக்குள் நுழைய முடியும். ஆறாவது ஆள் நுழைந்தால் உள்ளே இருப்பவர்களில் யாராவது ஒருவரை அது வெளியே தள்ளிவிடும். மாணவர்களோ நூற்றுக்கணக்கில். அதனால் என்ன செய்வார்கள் தெரியுமா? காலையில் வந்ததும் நுழைந்து பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பாபநாசம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்களே, அதேதான். வெளியே தள்ளப்பட்டவன் மறுபடி நுழைந்து இன்னொருவனைத் தள்ளுவான். ஒரு பக்கத்தை உருப்படியாக வாசிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. தன்னைத் தள்ளுவதற்குள் கிடைத்ததை அச்சில் எடுத்துக்கொண்டு ஓடவேண்டும், அவ்வளவுதான்.

அச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் தொண்ணூறு பக்கத் தீர்ப்பை அப்படியே அச்சடித்து, முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை மேசையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கேன்டீனில் வடை மடித்துக் கொடுக்கும் தாளில் உயர் நீதிமன்றம் பேசிக்கொண்டிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி அச்சுப்பொறிக்கு மேலே ஒட்டினேன்: 'ஒரு மாணவர் ஒரு நாளைக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் அச்சிடக் கூடாது. – நூலகர்.' பிரின்சிபால் கூடப் பாராட்டினார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.

இன்னொரு பெருமையும் இருந்தது. நூலகத்துக்குப் பக்கத்து அறையில் இலவச சட்ட உதவி மையம் நடந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு வக்கீல் வருவார். கடைசி வருஷ மாணவர்கள் அவருக்குத் தீர்ப்புகளைத் தேடிக் கொடுப்பார்கள். அங்கிருந்து கோர்ட்டுக்குப் போகும் தாள்களில் 'சரிபார்க்கப்பட்டது' என்று என் முத்திரை விழவேண்டும். அப்படி ஒரு தீர்ப்பு உண்மையிலேயே இருக்கிறதா, எண் சரியா, பிற்பாடு மேல்கோர்ட் அதை ரத்து செய்துவிட்டதா என்று பார்ப்பேன். அதில் நான் புலி. 'மேடம் முத்திரை போட்டா கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்' என்று வக்கீல் சொல்வார். கண்ணை மூடிக்கொள்வது எவ்வளவு பெரிய தொற்று என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு குறுவைப் பருவத்தில், திங்கட்கிழமை, தமிழ்ச்செல்வி வந்தார். பாபநாசத்துக்கு உள்ளே ஒரு கிராமம். ஐம்பது வயதிருக்கும். மாமனாரும் மாமியாரும் ஊரார் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இவரும் இவர் கணவரும் உழைத்துச் சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், வாங்கியிருந்தார்கள். கணவர் இறந்த பிறகு இவர்தான் சாகுபடி. மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். வாய்க்கால் அவர் வயலைத் தொடாது. வாய்க்காலை ஒட்டி மேலே ஒரு வயல், அதில் பாய்ந்து வழிந்துதான் இவர் வயலுக்குத் தண்ணீர் இறங்கும். காலம் காலமாக அப்படித்தான். மேல் வயலை வாங்கிய ஒருவர் வீட்டு மனை போடுவதற்காக லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கிவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, இவர் வயலுக்கு மட்டும் சொட்டு இறங்கவில்லை. வேறொருவர் போர்செட் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கி நாற்று விட்டிருந்தார். நாற்று தயார். நடத்தான் வயலில் ஈரம் இல்லை.

வழக்குப் போட்டாயிற்று. தண்ணீரைத் தடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் கேட்டாயிற்று. நீதிபதி, 'வயல் வழியா வயலுக்குப் பாயற தண்ணி சம்பந்தமா மேல்கோர்ட் தீர்ப்பு இருந்தா வியாழக்கிழமை கொண்டாங்க' என்று சொல்லியிருந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் நாத்து தாங்குமாம்மா?" என்று கேட்டேன். எங்கள் குடும்பத்திலும் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. என் அப்பா காலத்திலேயே விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிட்டோம். எனக்கு நாற்றைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

"ரெண்டு தடவையா விட்டுருக்கேங்கம்மா. முன்னால விட்டது ரெண்டு மாவுக்கு, பின்னால விட்டது நாலு மாவுக்கு. முன்னால விட்டது இப்பவே பதம். வெள்ளிக்கிழமை தண்ணி வந்தா நட்டுப்புடலாம். அதுக்கு மேல போனா முத்திப்போயிரும். முத்துன நாத்த நட்டா தூர் வெடிச்சுக் கெளைக்காது. மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்."

பையைத் திறந்து ஏதோ எடுக்கப் போனார். "இதுல கொஞ்சம் காயிதம் இருக்குங்க..."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, இப்ப தீர்ப்புதான் முக்கியம்" என்றேன். நானேதான் சொன்னேன். அவர் பையை மூடிக்கொண்டார்.

தேடும் பொறுப்பு நிவேதாவுக்கு. கடைசி வருஷம், பட்டுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பிள்ளை. கெட்டிக்காரி. செவ்வாய்க்கிழமை முழுக்க அவளுக்கும் அந்தத் தளத்துக்கும் மல்யுத்தம். ஏழு தடவை உள்ளே போனாள், ஏழு தடவை வெளியே தள்ளப்பட்டாள். நானே எழுந்து போய், ஒரு கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த இருவரைக் காதைப் பிடித்துக் கிளப்பிவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தத் துள்ளல் வந்தது.

"மேம், கிடைச்சிருச்சு! நம்ம கேஸேதான் மேம், அப்படியே இருக்கு!"

உங்களுக்கே தெரியும், நீங்கள் தேடிய சொற்கள் தீர்ப்பில் எங்கே வருகிறதோ அங்கெல்லாம் அந்தத் தளம் மஞ்சள் பூசிக் காட்டும். நிவேதா கொண்டுவந்த பக்கத்தில் பாதிப் பக்கம் மஞ்சள். மேல் வயல்காரன் தண்ணீரை வாங்கிக் கீழ் வயலுக்கு விட்டே ஆகவேண்டும், அது தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை, மண்ணை மேடாக்கி அதைக் கெடுக்க முடியாது என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொல்லியிருந்தது. தமிழ்ச்செல்விக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது. எனக்கே புல்லரித்தது. என் சட்டப்படி ஐந்து பக்கம்தானே? முதல் பக்கம், கடைசிப் பக்கம், மஞ்சள் இருந்த மூன்று பக்கம் என்று கணக்காக அச்சடித்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் நீதிபதிகள் பெயரும், மேல்முறையீடு இப்படியாக முடிக்கப்படுகிறது என்ற ஒரு வரியும்தான். எப்படியாக என்று நான் பார்க்கவில்லை. தீர்ப்பு இருக்கிறதா, இருக்கிறது. எண் சரியா, சரி. ரத்தாயிற்றா, இல்லை. டக்கென்று முத்திரையைக் குத்தினேன். "சபாஷ்டி" என்று முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை நானும் கோர்ட்டுக்குப் போனேன். போகவேண்டிய அவசியமே இல்லை. ஜெயிப்பதைப் பார்க்க ஆசை, வேறென்ன. வராண்டாவில் வக்கீல், நிவேதா, தமிழ்ச்செல்வி, நான். வழக்கைக் கூப்பிட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வக்கீல் அந்த ஐந்து பக்கத்தை உள்ளே கொடுப்பதற்காகக் கையில் வைத்திருந்தார்.

"சார், என் பேர்ல குடுக்கப்போற காயிதம். அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார் தமிழ்ச்செல்வி.

"இங்கிலீஷ்ல இருக்கும்மா. எல்லாம் உங்களுக்குச் சாதகமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். தமிழ்ல சொல்லுங்க. எங்க மாமனாரு இப்படித்தான், சாதகமா இருக்குன்னு சொன்னாங்கன்னு ஒரு காயிதத்துல ரேகை வச்சுட்டு, இருந்த மனைக்கட்டையும் விட்டுட்டு நின்னாரு. அதுலேருந்து படிச்சுக் காட்டாத காயிதம் எதுவும் எங்க வீட்டுலேருந்து வெளிய போறதில்ல."

வக்கீல் வாட்சைப் பார்த்துக்கொண்டே தாளை நிவேதாவிடம் நீட்டினார். நிவேதா ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். தமிழ்ச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "நல்லா இருக்கு பாப்பா. இத யாரு சொல்றது?" என்றார்.

"கோர்ட் சொல்லுதுக்கா."

"கோர்ட்டுன்னா? ஜட்ஜா? ஊர்க்கூட்டத்துல ஒரு பேச்சு வந்தா மொதல்ல யாரு சொன்னான்னுதான் கேப்போம். வழக்கு வச்சவன் சொன்னதா, எதிராளி சொன்னதா, நாட்டாமை சொன்னதா? சொன்ன ஆளத் தெரியாம பேச்ச எடுத்துக்க முடியுமா?"

"ஜட்ஜ்தான்க்கா..." என்று சொல்லிக்கொண்டே நிவேதா முந்தின பக்கத்துக்காகத் தாளைத் திருப்பினாள். முந்தின பக்கம் இல்லை. அது ஆறாவது பக்கமாகியிருக்கும். நான் அச்சடிக்க விட்டிருக்க மாட்டேன்.

அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். போனை எடுத்துத் தளத்துக்குள் நுழையப் பார்த்தாள். உள்ளே ஐந்து பேர். தீர்ப்பு திறப்பதற்குள் அவளை வெளியே தள்ளியது. மறுபடி நுழைந்தாள், மறுபடி தள்ளியது. எனக்கு அந்த ஐந்து பேரையும் வெண்ணாற்றில் தள்ளலாம்போல இருந்தது. மூன்றாம் தடவை திறந்தது. முந்தின பக்கத்தின் கடைசி வரியை விரலால் நகர்த்திப் பார்த்தாள்.

"மேம்..." என்றாள். "வாதியோட வக்கீல் வாதிட்டது என்னன்னா, அப்படின்னு ஆரம்பிக்குது மேம்."

விளங்கிற்றா உங்களுக்கு? அந்த மஞ்சள் அத்தனையும் ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காகப் பேசியது. இரண்டு பக்கமும் சொன்னதை முதலில் எழுதிவிட்டுத்தான் நீதிபதி தன் முடிவைச் சொல்வார், அது தீர்ப்பு எழுதும் வழக்கம். எங்கள் வழக்கு மாதிரியே இருந்ததில் என்ன ஆச்சரியம்? எங்களைப் போலவே ஒரு கீழ் வயல்காரருக்காகப் பேசிய பேச்சு அது. அந்தக் கீழ் வயல்காரர் தோற்றுப்போயிருந்தார். கிழிந்தது போங்கள்! தோற்றவனின் வாதத்தைத் தீர்ப்பென்று கொண்டுவந்து, அதன் தலையில் சரிபார்க்கப்பட்டது என்று நான் முத்திரை குத்தியிருக்கிறேன்.

நிவேதா அழ ஆரம்பித்துவிட்டாள். வக்கீல் மெதுவாக, "மேடம், எதிர்த்தரப்பு வக்கீல் இத படிச்சுப் பாக்கவே மாட்டார். முத்திரை வேற இருக்கு. குடுத்துட்டு இன்னைக்கே உத்தரவு வாங்கிட்டா நாத்து பொழைச்சுக்கும். நாளைக்குத் தண்ணி வந்துரும்" என்றார்.

நல்ல மனிதர்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அந்த எண்ணம் வந்தது, சத்தியமாக வந்தது. இரண்டு மா நாற்று ஒரு பக்கம், ஐந்து தாள் ஒரு பக்கம். மேல் வயல்காரர் செய்ததோ பச்சை அநியாயம். நியாயமான வழக்கில் ஒரு தப்பான தாள் போனால் என்ன குடி முழுகிவிடும்?

"வேண்டாம் சார்" என்றேன். "ஜட்ஜ் படிச்சாருன்னா உத்தரவும் போச்சு, இந்தம்மா மேல இருக்கற நம்பிக்கையும் போச்சு. இத நான் திரும்ப எடுத்துக்கறேன், என் முத்திரை இது. டைம் கேளுங்க."

"டைம்னா திங்கக்கிழமைதான் மேடம்."

தமிழ்ச்செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்கம்மா பேசிக்கிறீங்க? திங்கக்கிழமையா? வெள்ளி, சனி, ஞாயிறு, திங்க... நாலு நாளு. நாலு நாள்ல என் நாத்து என்ன ஆவும்னு தெரியுமா உங்களுக்கு? நான் கேக்காமயே இருந்திருக்கலாம் போலருக்கே!"

இந்த வார்த்தையை என் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்ட ஒரே ஆள் அவர், கேட்டதற்காக அவரே வருத்தப்படுகிறார். வக்கீல் உள்ளே போய் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை.

இந்த இடத்தில் உங்களில் யாராவது, 'நேர்மையாக நடந்துகொண்டீர்கள் மேடம்' என்று சொல்ல வாயைத் திறந்தால் தயவுசெய்து மூடிக்கொள்ளுங்கள். நேர்மை என்னுடையது. நாற்று அவருடையது. அன்று செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் செவ்வாய்க்கிழமையே ஒரு கேள்வி கேட்டிருந்தால் வியாழக்கிழமை அந்த வராண்டாவில் நேர்மைக்கு வேலையே இருந்திருக்காது.

எல்லோருமாக நூலகத்துக்கு வந்தோம். தமிழ்ச்செல்வியையும் விடவில்லை, கையோடு கூட்டிவந்தேன். மற்ற நாலு பேரையும் தளத்திலிருந்து இறங்கச் சொன்னேன். ஒருவன், "மேம், நான் காலையிலேயே இடம் புடிச்சேன்" என்றான். நான் பார்த்த பார்வையில் மீதியைச் சொல்லவில்லை. "மொத்தத் தீர்ப்பையும் அச்சடி" என்றேன் நிவேதாவிடம். முப்பத்து நாலு பக்கம்.

அவள் அச்சுப்பொறியிடம் போனாள், நின்றாள், மேலே பார்த்தாள். "மேம், அஞ்சு பக்கம்தானே..."

கிண்டல் இல்லை. பாவம், நிஜமாகவே அனுமதி கேட்டாள். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? எழுந்து போய் என் அறிவிப்பைப் பிய்த்து எறிந்தேன். பசைநாடாவோடு சுவரில் இருந்த சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது.

பிறகு தரையில் உட்கார்ந்தோம். நிவேதா பத்தி பத்தியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு பத்தி முடிவிலும் தமிழ்ச்செல்வி, "இது யாரு?" என்பார். "வழக்கு வச்சவரு." "இது?" "எதிராளி." "இது?" "இப்பத்தான் ஜட்ஜ் பேசுறாருக்கா." நான் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் பத்தொன்பது பக்கம் நீதிபதி தன் வாயையே திறக்கவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். நாங்கள் கையை விட்டது வேறு யாரோ வீட்டு அண்டாவில்.

நீதிபதி பேச ஆரம்பித்ததும் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அந்தக் கீழ் வயல்காரரை ஏன் தோற்கடித்தார்? வயல் வழியாகத் தண்ணீர் கேட்க உரிமையே கிடையாது என்று அவர் சொல்லவே இல்லை. உங்களுக்கு வேறு வாய்க்கால் இல்லை என்பதற்கு வரைபடம் எங்கே? இத்தனை வருஷம் இந்தப் பாசனத்தில்தான் விளைந்தது என்பதற்குக் கிராமக் கணக்கு எங்கே? இரண்டும் காட்டாததால் தள்ளுகிறேன் என்று எழுதியிருந்தார். அவரிடம் என்ன இல்லை என்று பட்டியல் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

நிவேதா அதைச் சொல்லி முடிப்பதற்குள் தமிழ்ச்செல்வி மஞ்சள் பையைத் திறந்துவிட்டார். "கணக்குன்னா அடங்கல்தானே பாப்பா? வி.ஏ.ஓ. எழுதறது? பதினோரு பசலிக்கு நகல் வாங்கி வச்சுருக்கேன். லோனுக்குக் கேக்கறாங்கன்னு வருஷா வருஷம் வாங்குவேன். இந்தாங்க, புலப்படமும் இருக்கு."

ஒவ்வொரு பசலிக்கும், அதாவது ஒவ்வொரு சாகுபடி வருஷத்துக்கும், அவர் வயலில் நெல், பாசனம் வாய்க்கால் என்று அடங்கலில் எழுதியிருந்தது. புலப்படத்தில், அதாவது வயல் வரைபடத்தில், அந்த வாய்க்கால் மேல் வயலோடு நின்றுவிட்டது. வாய்க்கால் தண்ணீரில் விளைகிறது, ஆனால் வாய்க்கால் வயலைத் தொடவில்லை. அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக வந்திருக்கும்? குழந்தைக்குக் கூடப் புரியும். திங்கட்கிழமை என் முன்னால் உட்கார்ந்து அவர் எடுக்கப்போனது இந்தத் தாள்களைத்தான். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று நான் மூடவைத்த பை இதுதான். தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், நிவேதா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

திங்கட்கிழமை வக்கீல் முப்பத்து நாலு பக்கத்தையும் கொடுத்தார். இது எங்களுக்கு எதிரான தீர்ப்பு என்று அவரே முதலில் சொன்னார். அந்த ஆளிடம் இல்லாத இரண்டு தாளும் எங்களிடம் இருக்கிறது என்று அடங்கலையும் புலப்படத்தையும் வைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தீர்ப்பைக் கையில் வாங்கிப் புரட்டினார், படித்தார், மஞ்சள் இருந்த இடத்திலிருந்து முந்தின பக்கத்துக்குத் திருப்பியும் பார்த்தார். படிக்கவே மாட்டார் என்றோமே அவரேதான். நான் எங்கள் வக்கீலைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். நீதிபதி, கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வயலுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை தரும் வரைக்கும் பழைய இடத்தில் மண்ணை வெட்டிவிட்டுத் தண்ணீர் விடவேண்டும் என்று உத்தரவு போட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்ணீர் இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிவேதாவை அழைத்துக்கொண்டு பாபநாசம் போய் அங்கிருந்து மினி பஸ்ஸில் அவர் ஊருக்குப் போனேன். வயலில் நட்டு முடித்த பச்சை ஒரு பக்கம் தெரிந்தது. தமிழ்ச்செல்வி முழங்கால் சேற்றோடு வரப்பில் ஏறி வந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"நாலு மா நட்டாச்சுங்கம்மா. பின்னால விட்ட நாத்து பதமா கெடைச்சிருச்சு."

"முன்னால விட்டது?"

அவர் வரப்போரமாகக் கையைக் காட்டினார். பழுப்பேறிய நாற்றுக் கட்டுகளை ஒரு பசுமாடு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதற்கு அப்பால் இரண்டு மா, தண்ணீர் நின்றது, ஒரு பயிர் இல்லை. வேறு நாற்று வாங்கலாமே என்று கேட்டேன். எல்லோரும் நடும் சமயத்தில் யார் கொடுப்பார்கள் என்றார். பெண்பிள்ளைக்கு அந்த வருஷம் காலேஜில் இடம் வாங்கியிருந்தாராம். இரண்டு மா நெல் போனது அந்த ஃபீஸில்தான் இடித்தது என்று சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார்.

நிவேதா மறுபடி அழ ஆரம்பித்தாள். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. என்ன பேசுவது என்று தெரியாமல், "இவ கொஞ்சம் கவனமாப் படிச்சிருக்கணும்மா, நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. ஐந்து பக்க அறிவிப்பை எழுதிய அதே வாய்.

தமிழ்ச்செல்வி சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிவேதாவின் தோளைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பாவத் திட்டாதீங்கம்மா. அது தேடுச்சு, எடுத்தாந்துச்சு. சின்னப்புள்ள. முத்திரை வச்சது நீங்கதானே? இத யாரு சொல்றதுன்னு நீங்கதான் கேட்டிருக்கணும்."

கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, வெயில் ஏறுகிறது, மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்தோம். பஸ்ஸுக்கு நடக்கும்போது அந்த இரண்டு மாவின் ஓரமாகத்தான் வழி.